தாலி கட்டத் தீவு எதுக்குடா பேராண்டி?

ஏண்டா பேராண்டி, அந்தமான்ல போயிதான் தாலி கட்டுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறியாமே? உங்கப்பன் நேத்து சாயந்தரம் வந்து திண்ணையில உக்காந்துக்கினு ஒரே பொலம்பல். நான் உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டேன்பா. பெங்களூருக்கு வேலைக்குப் போனவனுக்குக் கடலு அந்தமான்லதான் இருக்கும், மணப்பட்டுல பொறந்தவனா இருந்தாலும். வா, இப்பிடி நெழல்ல உக்காரு. போன்ல பேக்கேஜுன்னு ஒண்ணு வெச்சிருக்கியாமே, அதைக் காட்டு. எழுத்தைப் பெருசு பண்ணிக் குடு.

ம்... ‘ரஸ்டிக் ஐலண்ட் வெட்டிங்.’ சரி. தென்னங்கீத்துப் பந்தல். மூங்கில் தூணு. தொங்க வுட அரிக்கேன் வெளக்கு. வந்தவங்க உக்கார வைக்கல் கட்டு. மண் குவளையில மோரு. கயித்துக் கட்டிலு ரெண்டு. போட்டோவுக்கு மட்டும்னு பக்கத்துலயே போட்டிருக்கான், எவனாவது படுத்துடுவான்னு பயம் போலக்குது. மாட்டு வண்டி, கெடைச்சா. இதுக்கெல்லாம் சேத்து கீழ இருக்கிறது தொகையா? நான் அவன் போன் நம்பருன்னு இல்ல நெனச்சேன்.

டேய், இந்த லிஸ்ட்டுல இருக்கிற அத்தனை சாமானும் எங்க வூட்டுல இருந்திச்சு. அதனாலதான் உங்க சின்ன ஆயா வூட்டுல எனக்குப் பொண்ணு தர மாட்டேன்னு இழுத்தடிச்சாங்க. கீத்துக் கொட்டாய், அரிக்கேன் வெளக்கு, கயித்துக் கட்டிலு. இதுல எம் பொண்ணு எப்பிடிடா குடித்தனம் பண்ணுவான்னு அவங்கப்பன் கேட்டாரு. ஓடு மாத்தி, கரண்டு இழுத்த அப்பாலதான் தாம்பூலமே மாத்துனாங்க. இப்ப நீ ஓட்டையும் எடுத்துட்டு, கரண்டையும் அமுத்திட்டு, திரும்பக் கீத்தைப் போடறதுக்கு லட்சக்கணக்குல அழுவுறேங்கிற. எங்க மாமனாரு உசிரோட இருந்தா உன்னைக் கூட்டிக்கினு போயி காட்டியிருப்பேன்.

ஆனா உன்னை மட்டும் சொல்லிக் குத்தமில்ல. நம்ம வூட்டுப் பொம்பளைங்க வெங்காயமும் பூண்டும் இடிச்சு உருட்டி, வெயில்ல காய வெக்கிற வடவம் இருக்குதே, அது புதுச்சேரியில இருந்து கப்பலேறிப் போயி, இப்ப பிரான்சுல பெரிய பெரிய ஓட்டல்ல மீனுக்கும் கறிக்கும் தூவுற சரக்கு ஆயிடுச்சு. ஏழை வூட்டுச் சாமான் கடலு தாண்டுனா விலை ஏறும். அது பழைய வியாபாரம், அரிக்கமேட்டுல ரோமாபுரிக்காரன் வந்து எறங்கின நாள்ல இருந்து நடக்குது. என்ன, அவன் வாங்கிக்கினு போனான். நீ உன் சாமானை நீயே வாங்குற.

சரி, எத்தினி பேரைக் கூப்புடறதா உத்தேசம்? 60 பேரா? அடேங்கப்பா. உங்கப்பனுக்குக் கூடப்பொறந்ததும் பெரியப்பன் சித்தப்பன் புள்ளைங்களும் மட்டுமே அந்தக் கணக்கைத் தாண்டும். பொண்ணு வூட்டுக்காரங்க வாசல்லயே நிக்க வேண்டியதுதான்.

இப்பதான் எனக்கு விசயம் புரியுது. தீவுன்னா நாலா பக்கமும் தண்ணி. உனக்கு வேண்டியது மணலும் இல்ல, தென்னையும் இல்ல, அந்தத் தண்ணிதான். பாகூர் அத்தையும் கரிக்கலாம்பாக்கம் மாமனும் கிருமாம்பாக்கத்துப் பங்காளிங்களும் தாண்டி வர முடியாத தண்ணி. வாயைத் தொறந்து ‘சொந்தக்காரங்க வேணாம்’னு சொன்னா சண்டை வரும். ‘தீவுல வெச்சிருக்கேன், அவசியம் வந்துடுங்க’ன்னு சொன்னா மரியாதையாவும் ஆச்சு, வரவும் மாட்டாங்க. புத்திசாலிடா நீ. எங்க காலத்துல இதுக்குப் பத்திரிகையைக் கல்யாணத்துக்கு மொத நாளு கொண்டு வந்து குடுப்பாங்க. செலவு கம்மி.

ஆனா ஒண்ணு யோசிச்சியா? உங்கப்பன் நோட்டை எடுத்துப் பாரு. ஊருக்கு ஊரு, வூட்டுக்கு வூடு மொய் எழுதி வெச்சிருக்கான். காது குத்துக்கு, மஞ்சத் தண்ணிக்கு, கிரகப் பிரவேசத்துக்கு. அது அத்தனையும் உன் கல்யாணத்துலதான் திரும்பி வரணும். 60 பேரு கூட்டிக்கினு நீ அந்தமான் போயிட்டா மீதி ஆளுங்க நிம்மதியா வூட்டுல தூங்குவாங்க. எதிர்ல பார்த்தா ‘கூப்புட்டிருந்தா வந்திருப்பேனே’ன்னு வருத்தம் வேற படுவாங்க. அதுல நானும் ஒருத்தன், மறைப்பானேன்? எங்க மூத்தவன் கல்யாணத்துல உங்கப்பன் ஒரு சவரன்ல மோதிரம் போட்டான். நான் திருப்பிச் செய்யணும். இன்னிக்கி சவரன் விக்கிற விலைக்கு, நீ தீவுலயே வெச்சுக்கிறது எனக்கு எவ்வளவோ நல்லது. அப்பிடியிருந்தும் உனக்கு எதிரா பேசறேன் பாரு, அதுதாண்டா ரத்த பாசம்.

அந்தமானைப் பத்தி நான் குறை சொல்ல மாட்டேன். நல்ல ஊரு, தமிழ் ஆளுங்க நெறைய பேரு இருக்காங்க. ஆனா பத்திரிகையில எந்தப் பேரைப் போடுவ? நீ ஹேவ்லாக்குங்கிற. அதுக்கு 2018-லயே ஸ்வராஜ் தீவுன்னு பேரு வெச்சாச்சு. பிளேன் எறங்குற போர்ட் பிளேருக்கு 2024-ல ஸ்ரீ விஜயபுரம்னு ஆயிடுச்சு. பழைய பேரைத் தேடி ஒருத்தன், புதுப் பேரைத் தேடி ஒருத்தன். சென்னையில இருந்து பிளேன்ல போனா ரெண்டு மணி நேரம், ஒத்துக்கிறேன். கப்பல்னா மூணு நாளு ஆவும். உங்க ஆயா பிளேன் ஏற மாட்டேங்குது, கப்பல்ல ஏத்திவிட்டா மொத நாளே வாந்தி எடுத்து ஊரைக் கூட்டும். அது போவட்டும். எறங்கின எடத்துல இருந்து உன் தீவுக்கு இன்னொரு படகு ஏறணும். கடலு கொஞ்சம் பொங்கினா அந்தப் படகை நிறுத்திடுவான். அப்ப இன்னா ஆவும் தெரியுமா? தாலி ஒரு கரையில, கழுத்து ஒரு கரையில. நல்ல நேரம் நடுக்கடல்ல.

இன்னொண்ணு, மாப்ள ஊர்வலத்துக்கு அங்க குதிரை கெடைக்குமோ கெடைக்காதோ, உப்புத் தண்ணி முதலை இருக்குது. கரையில போர்டே வெச்சிருக்கான். ஆசைக்கு ஒரு சங்கு, ஒரு பவளம் பொறுக்கிப் பையில போட்டுக்கினு வந்தா பிளேன் ஏறுற எடத்துல புடுங்கிக்குவான். உங்க அத்தை பையை நீ பார்த்திருக்கிற இல்ல?

வெளிநாட்டுத் தீவாப் பாக்கலாம்னு இருக்கியா? பிரதமரு 2023 நவம்பர்ல ரேடியோவுல பேசும்போதே, வெளிநாட்டுல போயி கல்யாணம் பண்றது அவசியந்தானான்னு கேட்டுட்டாரு. உள்நாட்டுலயே பண்ணுங்கன்னாரு. நான் அதையே இன்னும் கொஞ்சம் சுருக்கி, உள்ளூர்லயே பண்ணுன்னு சொல்றேன். அவ்ளோதான் வித்தியாசம்.

‘சூரியன் கடல்ல எறங்குறப்ப தாலி கட்டணும்’னு உன் வருங்காலப் பொண்டாட்டி சொல்லிச்சா? கோயம்புத்தூர்ப் பொண்ணு, கடலு புதுசு, ஆசைப்படும். தப்பில்ல. அந்தமான்ல மேற்கப் பாத்த கரை இருக்குது, அங்க எறங்கும். தை மாசத்துல அஞ்சரை மணிக்கே எறங்கிடும், அதையும் ஐயருகிட்ட சொல்லி வெய்யி. நம்ம கரையில சூரியன் எறங்குறது சவுக்குத் தோப்புக்குப் பின்னாடி. ஆனா ஏறுறது கடல்ல இருந்துதான். நம்ம பெரியவங்க முகூர்த்தத்தை விடியக்காலம் வெச்சது சும்மா இல்ல. அந்த நேரத்துல தரைக்காத்து, நெலத்துல இருந்து கடலுக்கு மெதுவா போவும். வெளக்கு அசையாது. மத்தியானத்துக்கு அப்பால கடக்காத்து திரும்பிச்சுன்னா எதுவும் இருந்த எடத்துல இருக்காது. சாயந்தரம் கடலோரத்துல கல்யாணம் வெக்கிறவன் ஒண்ணு சினிமாக்காரனா இருக்கணும், இல்ல பந்தல்காரனுக்கு மச்சானா இருக்கணும்.

நாளு குறிக்கலாம் வா. ஆடி, மார்கழி ஆவாது. புரட்டாசி நம்ம ஆளுங்க ஒத்துக்க மாட்டாங்க. ஐப்பசி, கார்த்திகை? முகூர்த்தம் நெறைய இருக்கும், மழையும் இருக்கும். 2024 நவம்பர் 30, கார்த்திகை மாசம், ஃபெஞ்சல் புயலு நம்ம புதுச்சேரிக்குப் பக்கத்துல கரையேறிச்சு. ஏறினது போவாம அப்பிடியே உக்காந்துக்கிச்சு. ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல கொட்டிச்சு. அதோட வுட்டுதா? சாத்தனூர் அணையில இருந்து வினாடிக்கு 1 லட்சத்து 60 ஆயிரம் கன அடிக்கு மேல தொறந்தாங்க. தென்பெண்ணை பொங்கி, பாகூர் பக்கம் சோரியாங்குப்பம் வரைக்கும் வூட்டுக்குள்ள தண்ணி. அந்த வாரம் முகூர்த்தம் வெச்சவங்களைக் கேட்டுப் பாரு. நாலா பக்கமும் தண்ணி சூழ்ந்த கல்யாணம், படகு கூட வந்திச்சு. பேக்கேஜு ஒண்ணும் கட்டல.

சித்திரை, வைகாசி? கத்திரி வெயிலு. மணலு காலைச் சுடும். வெறுங்கால்ல மணப்பந்தல்ல நிக்கிறேன்னு சொன்னவங்க ஒரே நிமிசத்துல குதிச்சுக்கினு நிப்பாங்க, அதையே டான்ஸுன்னு வீடியோக்காரன் எடுத்துக்குவான். அதுவும் இல்லாம ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எதுவும் கடலுக்குப் போவாது. கட்டுமரமும் நாட்டுப் படகும் கொண்டார்றதுதான் மீனு. வரவேற்புல கடல் விருந்து போடறேன்னு சொல்றியே, வஞ்சிரம் கேட்டா விலையைச் சொல்றதுக்கு முன்னாடி உன்னை உக்காரச் சொல்லுவாங்க.

ஆனி, ஆவணியில மேல்காத்து. நாளு பூரா அனல், சாயந்தரம் ஆனா எங்கேயோ இடி இடிச்சு, பந்தலைப் பிரிக்கிற நேரத்துக்குச் சரியா ஒரு மழை. ஆவ, மிச்சம் இருக்கிறது தை, மாசி, பங்குனி. மழையும் அடங்கி, கடலும் அடங்கி, அறுப்பு முடிஞ்சு கையில நாலு காசு இருக்கிற மாசம்.

ஆனா அந்த மாசத்துக்கு உனக்கு முன்னாடியே கடக்கரையை புக் பண்ணினவ ஒருத்தி இருக்கா. பங்குனி ஆமை. ராத்திரியில மெதுவா ஏறி வந்து, பின்னங்காலால குழி தோண்டி, நூறு முட்டைக்கு மேல வுட்டு, மூடி, மேல தடம் தெரியாம உடம்பால தட்டிட்டுப் போவும். 45, 50 நாள்ல குஞ்சு பொரியும். குஞ்சுக்குக் கடலு எதுன்னு யாரும் சொல்லித் தர்றதில்ல. ராத்திரியில எந்தப் பக்கம் வெளிச்சமா இருக்குதோ அதுதான் கடலு. நீ கரையில சீரியல் செட்டு கட்டி, லேசர் லைட்டு வுட்டேன்னு வெய்யி, குஞ்சுங்க அத்தனையும் உன் வரவேற்புக்கு வந்துடும். 60 பேருன்னு கணக்கு போட்டவன் பந்தியில எத்தினி இலை போடுவ? மொய்யும் எழுதாதுங்க. வெளையாட்டு இல்லடா, 1972 வனவிலங்குச் சட்டத்துல அதுக்கு முதல் அட்டவணையில எடம். புலிக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை. ஆமை மேல கை வெச்சவன் மாமியார் வூட்டுக்குப் போறதுக்கு முன்னாடி இன்னொரு மாமியார் வூட்டுக்குப் போவணும்.

சரி, ஆமையைத் தொந்தரவு பண்ணாம பகல்லயே நடத்துறேங்கிற. மணலைப் பத்தித் தெரியுமா உனக்கு? நமக்கு மணலு நெறைய இருக்குது, அது வரைக்கும் புண்ணியம். 1980-கள் கடைசியில தேங்காய்த்திட்டுல துறைமுகத்துக்கு முகத்துவாரத்துல ரெண்டு கல்லுச் சுவரு கட்டுனாங்க. வருசத்துல பாதிக்கு மேல நம்ம கரையில மணலு தெக்க இருந்து வடக்க நடந்து போவும். சுவரு அதை மறிச்சுக்கிச்சு. வடக்க இருந்த குப்பங்களுக்குக் கரையே போயி, கல்லு கொட்டிக் காவல் காக்குறாங்க. தெக்க நமக்கு இன்னும் மணலு நிக்குது.

நிக்குது, ஆனா நிக்க வுடாது. உங்க பெரியத்தையை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில மணல்ல உக்கார வெச்சுப் பாரு. முன்னங்காலு ரெண்டும் நிக்கும், பின்னங்காலு ரெண்டும் எறங்கும். அது தாலி கட்டுற நேரத்துல ‘கெட்டி மேளம்’ கேட்டு அட்சதை போட எட்டும்போதுதான் எறங்கும். அப்பால நாதஸ்வரக்காரரே வாயை எடுத்துட்டு ஓடியாரணும். அதனால மொதல்ல தென்னை மட்டை பாயோ, பலகையோ விரிச்சு, அதுக்கு மேலதான் நாற்காலி.

பந்தக்காலு நடறதையும் கேட்டுக்க. பெங்களூருக்காரன் வந்து நாலு மூங்கிலைக் குத்தி வெள்ளைத் துணியைக் கட்டிட்டுப் போயிடுவான். காஞ்ச மணலு எதையும் புடிக்காது. மேல் மணலை வாரிப் போட்டு ஈர மணலு வர்ற வரைக்கும் தோண்டணும். தோண்டத் தோண்ட பக்கத்துல சரியும், அதனால தண்ணி ஊத்தி ஊத்தித்தான் எடுக்கணும். சவுக்குக் கழியோட அடியில குறுக்க ஒரு கட்டையை வெச்சு, கயித்தால இழுத்துக் கட்டி, அந்தக் குறுக்குக் கட்டையோட உள்ள எறக்கி, அது மேல மணல் மூட்டையை அடுக்கி மூடணும். அப்பதான் காத்து பந்தலைத் தூக்குனாலும் கழி கூடக் கிளம்பாது. அப்பிடிச் செய்யாம வுட்டா சாயந்தரக் காத்துக்குப் பந்தலு கன்னியக்கோவில் வரைக்கும் போயி பஸ்ஸுக்கு நிக்கும்.

பந்திக்கு வருவோம். வாழையிலை போட்டதும் ஒருத்தன் தண்ணி தெளிக்க, ஒருத்தன் நாலு மூலையிலயும் கல்லு வெக்கணும். அப்பளம் பொரிச்ச கையோட இலைக்கு வரணும், கால் மணி நேரம் கடக்காத்து பட்டா நமத்துப் போயி துணியா மடிக்கலாம். சாம்பாரு அண்டாவை மூடி வெக்கலேன்னா மணலு சேந்து, கடிக்கிறவன் எல்லாம் பருப்பு வேவலன்னு சமையல்காரரைத் திட்டுவான். ஜரிகைப் பட்டுல உப்புக் காத்து ஒரு நாளு பட்டாலே பீரோவுல வெச்சப்பறம் கறுக்கும்னு உன் பொண்டாட்டிகிட்ட நான் சொல்ல மாட்டேன். அதைக் கோயம்புத்தூர் மாமியார் சொல்லட்டும்.

வளர்பிறை முகூர்த்தம் கேப்பீங்க, பௌர்ணமிக்குப் பக்கத்துல அமையும். அன்னிக்கி ஓதம். நம்ம கடல்ல ஏத்தம் ஒரு மீட்டருக்குள்ளதான், பெருசு இல்ல. ஆனா சரிவு கம்மியான கரையில ஒரு முழம் ஒசந்தாலே மணவறை வரைக்கும் வந்து ஐயரு வேட்டியை நனைக்கும். அதனால காஞ்ச மணலைப் பார்த்து மணவறை போடாத, அலை ஒதுக்கின பாசியும் கிளிஞ்சலும் எங்க கோடு போட்டிருக்குதுன்னு பாத்து, அதுக்கும் மேல ஏத்திப் போடு.

இங்க ஒரு நிமிசம் சிரிக்காம கேளுடா. ஈரக்கால் நனைச்சுக்கினு கைகோத்து நடங்கன்னு போட்டோக்காரன் சொல்லுவான். முழங்காலுக்கு மேல எறங்காத. நம்ம கரையில அலை அடிச்சு வந்த தண்ணி ஒரே எடமா வாய்க்கா போட்டுக்கினு திரும்பி இழுக்கும். நனைஞ்ச பட்டுப் பொடவை ஒரு ஆளு வெயிட்டு. வருசா வருசம் புதுச்சேரி கடல்ல எத்தினி வெளியூர்ப் புள்ளைங்க போவுதுங்க தெரியுமில்ல. அதே போல இந்தக் கீத்துப் பந்தலு, அதுக்குள்ள வீடியோ லைட்டு. 2004 ஜனவரியில ஸ்ரீரங்கத்துல ஒரு கல்யாண மண்டபத்துல கீத்துல தீப்புடிச்சு, மாப்பிள்ளையோட சேத்து 50 பேருக்கு மேல போயிட்டாங்க. கீத்து ஆசைன்னா ஓரத்துல அலங்காரத்துக்குத் தொங்க வுடு. ஒயரு போற எடத்துல வேணாம். ரெண்டு பக்கமும் வழி வெய்யி.

இப்ப பேப்பரு வேலை. கடக்கரை எங்க தாத்தன் சொத்துன்னு நீ நெனைக்கிற. 1991-ல கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை போட்டாங்க, 2011-ல மாத்துனாங்க, 2019-ல இன்னொருக்கா மாத்துனாங்க. எத்தினி தரம் மாத்துனாலும் அலைக்குப் பக்கத்துல செங்கல்லு வெக்காதங்கிறது மாறல. துணிப் பந்தலுக்கே பாகூர் கொம்யூன், போலீசு, வருவாய்த்துறைன்னு படி ஏறணும். குப்பத்துப் பஞ்சாயத்தாரைத்தான் மொதல்ல போயி பார்க்கணும், ஏன்னா அவங்க படகும் வலையும் கெடக்கிற எடம் அது. நீ போட்டோவுக்கு ஓரமா நவுத்துன்னு சொல்ற வலை அவங்களுக்கு மறுநாளு சோறு. கோயிலுக்கு ஒரு தொகை எழுதிட்டு, குடும்பத்தோட சாப்புட வரச் சொல்லிட்டு வா. அவங்க சரின்னா கரை முழுக்க உனக்குக் காவலு.

ஒலிபெருக்கி ராத்திரி 10 மணிக்கு மேல காலையில 6 மணி வரைக்கும் கூடாது. 2000-த்துல வந்த விதி. உன் டிஜேக்கு அது கஷ்டம். முகூர்த்தம் நாலரை ஆறுன்னு அமைஞ்சா மேளக்காரருக்கும் மைக்கு கெடையாது. அவரு கவலைப்பட மாட்டாரு. நாதஸ்வரத்துக்கு மைக்கு வெச்சதே கூட்டம் பேசிக்கினே இருக்கிறதால.

உன் சிநேகிதப் பசங்களுக்கு ஒரு சேதி. நம்ம பக்கம் ஒரு வரப்புல இந்தக் காலு புதுச்சேரி, அந்தக் காலு தமிழ்நாடு. இங்க விலை சல்லிசா இருக்குதேன்னு நாலு பாட்டிலை வாங்கி வண்டியில போட்டுக்கினு கடலூரு பக்கம் போனா, முள்ளோடை தாண்டறதுக்குள்ள கல்யாண வீடியோவுக்குப் புதுசா ஒரு சீன் கெடைக்கும். தாலி கட்டி முடிச்ச மாப்பிள்ளை ஸ்டேஷன்ல ஜாமீன் கையெழுத்துப் போட்டுக்கினு நிக்கிற சீன்.

இவ்ளோ கேட்டப்பறம் மூஞ்சி ஏண்டா சுருங்குது? நான் வேணாம்னு சொல்லலியே. பெரியவன் ஒரு யோசனை சொல்றேன், புடிச்சா எடுத்துக்க. கடக்கரைக்கு இந்தாண்ட எனக்கு ஒரு சவுக்குத் தோப்பு இருக்குதில்ல? தானே புயல்ல, அதான் 2011 டிசம்பர் 30, மொத்தமா படுத்திடுச்சே, அப்பால நட்டது. இப்ப நல்லா ஒசந்து நிக்குது. காத்தை மரம் வாங்கிக்கும், அலை சத்தம் மட்டும் உள்ள வரும். கீழ சருகு மெத்தையா கெடக்கிறதால நாற்காலி எறங்காது. மோட்டாரு கொட்டாயில நல்ல தண்ணி. உன் லிஸ்ட்டுல இருக்கிற கயித்துக் கட்டிலு என்கிட்ட ஒண்ணு இருக்குது, போட்டோவும் எடுக்கலாம், படுக்கவும் படுக்கலாம். வைக்கல் வேணும்ங்கிற வரைக்கும் தர்றேன். அரிக்குதுன்னா என்கிட்ட வரக்கூடாது. மாட்டு வண்டிக்கு மாடு குருவிநத்தத்துல சொல்லி வெக்கலாம். விடிகாலையில தோப்புல தாலியைக் கட்டு, அஞ்சு நிமிசம் நடந்தா கடலு, சூரியன் ஏறும்போது நின்னு போட்டோ எடுத்துக்க. 500 பேரு வந்தாலும் தாங்கும். அத்தை, மாமன், பங்காளி, அத்தினி பேரும் மொய் நோட்டோட எதிர்ல நிப்பாங்க.

வாடகையா? என்னடா இப்பிடிக் கேட்டுட்ட, நீ எம் பேரன். வெளியூர்க்காரனுக்கு என்ன ரேட்டோ அதான். உனக்குக் கொறைச்சா நாளைக்கி உங்க பெரியப்பன் பேரனுக்கும் கொறைக்கணும், அப்பால குடும்பத்துல மனஸ்தாபம். மோதிரத்தை நான் சொன்னபடி ஒரு சவரன்ல போடறேன். அதையும் இதையும் நீ முடிச்சுப் போட்டுப் பாக்காத, அது வேற கணக்கு, இது வேற கணக்கு. சவுக்கு வெட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி நீ தேதி சொல்லணும், வியாபாரி வேற ரெண்டு தரம் வந்து பாத்துட்டுப் போயிட்டான். மரம் போச்சுன்னா நெழலுக்கு நீ ஷாமியானா கட்டணும், அதுக்குத் தனிக் காசு.

இன்னா கேட்ட? பாத்ரூமா? ரஸ்டிக்கு ரஸ்டிக்குன்னு சொல்லிட்டு இதைக் கேக்குற பாரு. இல்லடா, கேக்க வேண்டியதுதான். 500 பேரு வர்ற எடம், கோயம்புத்தூர் சம்மந்தி முன்னாடி சவுக்கு மரத்தைக் காட்ட முடியாது. எடமெல்லாம் அளந்து வெச்சிருக்கேன், கொத்தனாருகிட்டயும் பேசிட்டேன். பொம்பளைங்களுக்கு நாலு, ஆம்பளைங்களுக்கு மூணு, செவுத்துக்கு டைல்ஸு, மேல டேங்கு. உன் அட்வான்ஸு வந்த மறுநாளே கடக்கால் தோண்ட வேண்டியதுதான்.